பச்சை போகாத ஆட்டக்காரர்

வெளிச்சத்தின் நிறம் தெரிந்தவனுக்கு இந்தப் பூமியில் பேய் கிடையாது என்று குப்புராஜ், கும்மிடிப்பூண்டி ரயிலடியில் இறங்கியதும் டீக்கடைக்காரரிடம் அறிவித்தான். சர்க்கரை தூக்கலா, மட்டா என்று மட்டும் அவர் கேட்டார்.

அது 1974. குப்புராஜுக்கு மீஞ்சூர் ஸ்டுடியோ ஒன்றில் வேலை. ஒரு தொழிற்சாலையின் காலண்டருக்காகப் போன மாதம் அவன் எடுத்த பூப்பந்து ஆட்டக் கலர் படங்களில் முகமெல்லாம் பாசி படிந்த பச்சை. இன்றைய இறுதி ஆட்டமும் பச்சையாக வந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஃபிளாஷ் அடித்தால் ஆடுபவர்களுக்குக் கண் கூசும், அதற்கு அனுமதியில்லை.

ஆட்டம் நடப்பது போன மாதம் நடந்த அதே ஜன்னலில்லாத பழைய கிடங்கு. பட்டப்பகலிலும் டியூப்லைட்டுகள், அவற்றின் ஓயாத ரீங்காரம். எங்கோ ஒயர் கருகிய வாடை.

டீம் கேப்டன் லோகநாதன், வலை கட்டிய இரும்புக் கம்பத்தடியில் புது மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்றை வைத்துக் கும்பிட்டார்.

"யாருக்குண்ணே?"

"நாகமுத்துக்கு. எங்க டீம்ல ஆடிக்கினு இருந்த எலக்ட்ரீசியன். இந்த லைட்ட மாட்டிக்கினு இருக்கும்போதுதான் ஷாக் அடிச்சி பூட்டாரு. ஆட்டம் முடியறவரைக்கும் அந்தப் பந்த யாரும் தொடக்கூடாது. போன வாட்டி உன் படத்த பச்சையாக்கனதே அவருதான்."

"அது டியூப்லைட்டுண்ணே. நம்ம கண்ணுக்கு வெள்ளை, ஃபிலிமுக்குப் பச்சை. லென்சுக்கு முன்னாடி இந்த ரோஸ் கண்ணாடிய மாட்டுனா சரியாப் பூடும். ஆமா, செத்தவரு சர்வீசும் போடுவாரா?"

லோகநாதன் மட்டையை எடுத்துக்கொண்டு ஆடப் போய்விட்டார்.

ஆட்டம் தொடங்கியது. கம்பத்தடிப் பந்து படத்துக்குள் வந்து உறுத்தியது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஏழெட்டுப் படம் எடுத்த பிறகுதான் கவனித்தான். கண்ணாடி வழியே சுவர் ரோஸ், வலை ரோஸ், ஆடுகிற பத்துப் பேரும் ரோஸ்.

பதினோராவது ஆள் பச்சை.

பின்கோட்டில் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றினான், யாருமில்லை. மாட்டினான், பாதித் தூரம் வந்திருந்தார். இன்னொரு கண்ணாடியையும் அதன்மேல் மாட்டினான். கிடங்கே ரத்தம் கரைத்த தண்ணீராய்ச் சிவந்தது.

அவர் மட்டும் பச்சை.

கருகிய வாடை மூக்கை அடைத்தது. காதுக்குப் பின்னால் ஒரு மூச்சு.

"பந்து எங்க நைனா?"

குப்புராஜ் திரும்பவில்லை.

வலையோரம் தடுமாறிய லோகநாதன் கம்பத்தைப் பிடித்தார். பிடித்த கை வரவில்லை. பல் கிட்டி, உடம்பு உதறியது. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள்.

கிடங்கு இருண்டது.

உதறல் நிற்கவில்லை.

அந்தக் கும்மிருட்டிலும் கேமராவுக்குள் ஒன்று தெரிந்தது. லோகநாதனின் மணிக்கட்டை இறுக்கியிருந்த பச்சைக் கை.

குப்புராஜ் தவழ்ந்தே போய்ப் பந்தைக் கம்பத்தடியில் வைத்தான். லோகநாதன் தொப்பென்று விழுந்து மூச்சு வாங்கினார்.

ஃபிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்தது. எல்லா முகமும் மனித நிறம், வேலை தப்பியது. ஆனால் முதல் படத்தில், கம்பத்தைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே, லோகநாதனின் மணிக்கட்டில் ஐந்து பச்சை விரல் தடங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது டீக்கடைக்காரர் கேட்டார்: "இன்னா தம்பி, பேயி கீதா, இல்லியா?"

"எல்லாம் டியூப்லைட்டுதாண்ணே."

கிடங்குக்கு அவன்தான் முதல் ஆளாகப் போனான். பையிலிருந்து கேமராவை எடுப்பதற்கு முன்பே, தன் காசில் வாங்கிய மஞ்சள் பந்தை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துக் கம்பத்தடியில் வைத்தான்.

கையை எடுப்பதற்குள் பந்து சுட்டது.