ஒன்பது பேர் போட்ட ஒரே கோடு

பள்ளிக்கூடத்தில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நிற்கச் சொன்னால்கூடக் கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டேதான் நிற்பாள். ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை மற்றவர்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவளே சொல்லிவிடுவாள்.

அந்தப் பள்ளியில் வருடா வருடம் ஒரு வேடிக்கையான ஓட்டப்பந்தயம் நடக்கும். பள்ளி வாசலில் தொடங்கிக் கலங்கரை விளக்கத்தில் முடியும். நடுவே எந்த வழியாக ஓடுவது என்பது அவரவர் இஷ்டம். அங்கே கடலோரம் ஒரே மாதிரி இருக்காது. முதலில் துறைமுகம். அதைத் தாண்டினால் கூழாங்கல் கரை. அதற்கும் அப்பால் உயரமான பாறைமேடு. மேட்டின் மேலே ஒற்றையடிப் பாதை, கீழே கடலை ஒட்டி நீளமாக மணல்.

ஓடுகிறவர்கள் முந்தின நாளே தங்கள் வழியை வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட வேண்டும். யாராவது வந்து சேரவில்லை என்றால் எந்தப் பக்கம் போய்த் தேடுவது? அதற்காகத்தான். கொடுத்த பிறகு கோட்டை மாற்றினால் இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் கிளம்ப முடியும்.

முதலில் வரும் ஐந்து பேருக்குப் பள்ளி அணியில் இடம். போன வருடம் பம்பரம் ஆறாவது. காரணம், ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாம். ஐந்தாவதாக வந்தவன் மீட்டர். தூரம் காட்டுகிற கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போனால்கூட எத்தனை மீட்டர் என்று சொல்கிற பையன். அவனிடம் தோற்றது பம்பரத்துக்கு வருடம் பூராவும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் விடுவாளா? பந்தயம் இந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. போன சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போய்ப் பாறைமேட்டுக்குக் கீழே மணலில் ஓடிப் பார்த்தாள். ஈர மணல் சிமென்டுத் தரைபோலக் கெட்டியாக இருந்தது. மேடு ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். நேரே கலங்கரை விளக்கத்தின் காலடிக்கே போய்விடலாம். வெள்ளிக்கிழமை மதியம் அதையே கோடாகப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பள்ளி விட்டதும் புதுசு அவளிடம் ஓடி வந்தாள். புதுசு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பள்ளியில் சேர்ந்தவள். அதுவரை கடலையே பார்த்ததில்லையாம்.

"எனக்கு ஒரு வழியும் தெரியல. நீ காட்டுனியே, அதையே நானும் போட்டுக் கொடுத்துட்டேன். தப்பில்லையே?"

"தாராளமா போடு. என் வழிதான் இருக்கிறதுலயே நல்ல வழி."

"அப்பாடா! இன்னும் ஏழு பேர் என்கிட்ட கேட்டாங்க. அவங்களுக்கும் காட்டிட்டேன்."

மொத்தம் ஒன்பது வரைபடங்களில் ஒரே கோடு. பம்பரத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கடைசியாக ஒரு தடவை தன் வழியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சாயங்காலம் பாறைமேட்டுக்குப் போனாள். மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மணலைக் காணோம்!

பாறையின் அடிவரைக்கும் தண்ணீர். போன வாரம் அவள் ஓடிய இடத்தில் ஒரு நீர்க்காகம் சாவகாசமாக முங்கி முங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ வீடு வந்து சேர்ந்தாள். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து பையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

"அம்மா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கடல் எப்படிம்மா இருக்கும்?"

"நல்லா ஏறி இருக்கும். ஏன்டி?"

"போன சனிக்கிழமை இறங்கித்தானே இருந்துச்சு!"

"போன சனிக்கிழமை இறங்கியிருந்தா இந்தச் சனிக்கிழமை ஏறித்தான் இருக்கும். தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல தள்ளித் தள்ளிப் போகுதில்ல? நல்லா இருக்குடி கூத்து! துறைமுகத்துல வேலை பாக்குறவ பெத்த பொண்ணு கேக்குற கேள்வியா இது?"

சமையலறைச் சுவரில் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. பம்பரம் தினமும் காலையில் அதற்கு முன்னால் நின்றுதான் பால் குடிப்பாள். ஒரு நாளாவது படித்தால்தானே?

இப்போது படித்தாள். சனிக்கிழமை, முழு ஏற்றம், காலை ஆறே முக்கால்.

சாப்பாடு இறங்கவில்லை. தன் கோட்டை மட்டும் நைசாக மாற்றிக்கொண்டால் என்ன? இரண்டு நிமிடம்தான் நஷ்டம். மற்ற எட்டுப் பேரும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி வருவதற்குள் அவள் போயே போய்விடலாம். அணியில் இடம் நிச்சயம். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு நிமிடம் இப்படி நினைத்தாள். மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா, நினைத்தாள்தான். பிறகு புதுசுவின் முகம் ஞாபகம் வந்தது. கடலையே பார்த்திராதவள். திரும்பி வரத் தெரியாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால்? வாயை விட்டது நான், நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். அதன் பிறகு சாப்பாடு தானாக இறங்கியது.

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அந்தத் தாளின் முன்னால் போய் நின்றாள். கடல் ஏறினால் மணல் போய்விடும், சரி. வேறு என்னவெல்லாம் ஆகும்? யோசித்தாள். சட்டென்று ஒரு குதி குதித்தாள்.

"அம்மா! துறைமுகத்துல மிதக்குற நடைபாதை இருக்குல்ல, கடல் ஏறினா அதுவும் சேர்ந்து ஏறுமா?"

"பின்னே? கரைச் சுவரோட சமமா வந்து நிக்கும். கடல் இறங்கினாத்தான் கிணத்துக்குள்ள கிடக்கிற மாதிரி கீழ போயிடும். ஏணி இல்லாம இறங்க முடியாது."

துறைமுகத்தைச் சுற்றி வரச் சாலை வழியே ஒரு கிலோமீட்டர். மிதவை நடைபாதையில் குறுக்கே போனால் எண்பது அடி வைத்தால் போதும். பம்பரம் பென்சிலைத் தேடி ஓடினாள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். விசில் டீச்சர் கழுத்தில் விசிலோடும் கையில் வரைபடக் கட்டோடும் நின்றிருந்தார். கட்டை இன்னும் பிரிக்கவில்லை. பம்பரம் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். ஆச்சரியம், அசையாமல் நின்றாள்.

"டீச்சர், என் கோடு தப்பு. அந்த மணல் இப்போ தண்ணிக்குள்ள இருக்கு. என்னை நம்பி இன்னும் எட்டுப் பேர் அதையே போட்டிருக்காங்க." எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

டீச்சர் அவசரமாகக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நல்ல வேளை சொன்னே. ஒன்பது பேரும் நீச்சல் போட்டியில இல்ல கலந்துக்கிட்டிருப்பீங்க!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மீட்டர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

"தப்பு என்னோடது டீச்சர். அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் போடாதீங்க, எனக்கு மட்டும் போடுங்க."

டீச்சர் விசிலைக் கன்னத்தில் தட்டியபடி யோசித்தார். "தப்பா எழுதினதுக்கு ரெண்டு நிமிஷம். பாத்து எழுதினதுக்கு அரை நிமிஷம். சரிதானே?"

எட்டுப் பேரும் வேகமாகத் தலையாட்டினார்கள். பம்பரம் உடனே மிதவை நடைபாதையைப் பற்றியும் சொன்னாள். டீச்சர் துறைமுக அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்டார்.

"போகலாமாம். ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு, காவலாளியும் நிப்பாராம். ஆனா ஒண்ணு, அதுமேல ஓடக்கூடாது. நடக்கணும்."

"யாரெல்லாம் என்கூட அந்த வழியில வர்றீங்க?" என்று பம்பரம் எட்டுப் பேரையும் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டாவது தடவையும் உன் கோட்டை நம்பச் சொல்றியா? போதும் தாயே!" என்று ஒருத்தன் கும்பிட்டான். ஏழு பேர் சாலை வழியையே போட்டுக்கொண்டார்கள்.

"நான் வர்றேன்" என்றாள் புதுசு. "தப்புன்னா நீயே சொல்லிடுவியே."

விசில் ஊதியது. முதல் கூட்டம் பறந்தது. அரை நிமிடம் கழித்து எட்டுப் பேரும் போனார்கள். பம்பரம் மட்டும் வாசலில் தனியாகக் குதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் இவ்வளவு நீளமா? ஒரு வழியாக டீச்சர் கையைக் காட்டினார்.

மிதவை நடைபாதை சுவரோடு சமமாகத்தான் நின்றது. பம்பரம் அதில் கால் வைத்ததும் காவலாளி ஒரு விரலைத் தூக்கினார்.

"நடந்து போகணும் பாப்பா."

நடந்தாள். ஓட்டப்பந்தயத்தில் நடப்பதுபோலக் கொடுமை உண்டா? பலகை அசைந்தது, கால்கள் ஓடச் சொல்லிக் கெஞ்சின. கைப்பிடியை விடாமல் எண்ணி எண்ணி நடந்தாள். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது! மறுகரையில் கால் பட்டதுதான் தாமதம், எடுத்தாளே ஓட்டம்!

கூழாங்கற்கள் காலடியில் சரசரத்தன. பாறைமேட்டின் படிகளில் இரண்டு இரண்டாகத் தாவினாள். அங்கே மூச்சிரைக்க நின்ற மூன்று பேரைத் தாண்டினாள். மேலே ஒற்றையடிப் பாதையில் காற்று முகத்தில் அறைந்தது. தூரத்தில் புதுசு போய்க்கொண்டிருந்தாள், இன்னும் சிலரும் தெரிந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பின்னால், அவளுக்குச் சற்று முன்னால், கடிகாரத்தைப் பார்த்தபடியே மீட்டர்.

கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் புல்வெளி. பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தாள். மீட்டரும் பாய்ந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது அவளுடைய தோள் ஒரு கை அளவு முன்னால் இருந்தது.

"நாலாவது புதுசு! அஞ்சாவது பம்பரம்!" என்று கத்தினார் அங்கே நின்ற கணக்கு வாத்தியார்.

புதுசு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே புல்லில் விழுந்து சிரித்தார்கள்.

மீட்டர் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான், பம்பரத்தைப் பார்த்தான், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரெண்டு நிமிஷம் லேட்டா கிளம்பினே. எப்படி? நான் நாலாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு மீட்டர் ஓடியிருக்கேன். நீ என்ன பறந்தா வந்தே? அந்த மிதவை நிஜமாவே அவ்வளவு குறுக்கா?"

பம்பரத்துக்குக் கால் இரண்டும் வலித்தது. ஆனாலும் எழுந்து அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நீயே நடந்து அளந்து பாரேன். வா, காட்டுறேன். ஆனா சீக்கிரம் எழுந்திரு, கடல் இறங்கிடும்!"