காற்றுக்கு இன்னொரு வழி

எஞ்சினை நிறுத்திக் கால் மணித்தியாலம் ஆகியும், அந்தக் கம்பி ஒரு விரலளவு வெளியே வந்து திரும்ப உள்ளே போனது.

கேதீஸ்வரன் கைவிளக்கைக் கிட்டப் பிடித்தார். ரோட்டரி எஞ்சின் வைத்த பழைய கார். வேகம் பிடிக்கும்போது கூடுதல் காற்று உள்ளே போக அதற்குத் தனி வாசல்கள் உண்டு. புகைக்குழாயின் அழுத்தம் இந்தக் கம்பியைத் தள்ளித்தான் அவை திறக்கும். சொந்தக்காரன் கஜானன் புகைக்குழாயை மாற்றியதில் அழுத்தம் போதவில்லை. சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று பூட்டினால் சரிவரும் என்று கேதீஸ்வரன்தான் சொன்னார். கொழும்பிலிருந்து பம்ப் வரவில்லை. நாளைக்குக் காரைக் கொடுத்தாகவேண்டும்.

சாமான் வராத யுத்த காலத்தில் தொழில் பழகியவர் அவர். சேலைன் குழாயால் சொட்டுப் பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். சும்மா கிடக்கிற எதையும் விட்டுவைக்கமாட்டார். மத்தியானம், கட்டிலடியில் கிடந்த மூச்சுமுட்டுக்கு மனைவி மருந்துப்புகை பிடிக்கும் நெபுலைசர் மெசினைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக் கராஜுக்கு வந்து, அதன் காற்றுக்குழாயைக் கம்பிக்குப் பூட்டிவிட்டார்.

"இஞ்சேரப்பா, மெசினை எடுத்தனீங்களோ?" என்று நாகேஸ்வரி அறைக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஓம். பொழுதுபட முன்னம் கொண்டுவந்து வைக்கிறன். இப்ப முட்டு இல்லைத்தானே?"

"இப்ப இல்லை."

ஆறு வருடமாக நித்திரை முறித்து எழும்பி, அந்த மெசினுக்கு மருந்து ஊற்றி, விடியும்வரை அவள் முதுகைத் தடவியவர். ஒரு நாளைக்கு அது வேறு வேலை செய்யட்டும் என்று அவருக்கு இருந்தது. அலுத்துப்போயிருந்தார்.

இப்போது மெசினின் பிளக்கைப் பிடுங்கினார். குழாயைக் கழற்றினார். கம்பி வந்தது, போனது.

தோட்டங்களில் இறைப்பு மெசின்கள் ஒவ்வொன்றாக நின்று, கோப்பாய் முழுக்க மங்கிக்கொண்டு வந்த அந்த நேரத்தில், சூடான இரும்பும் பெற்றோலும் மணந்த கராஜுக்குள், எங்கிருந்தோ, மனைவி முட்டுக்குப் பூசும் யூக்கலிப்டஸ் தைலத்தின் மணம் மெல்ல மெல்ல ஏறிவர, வீட்டு யன்னல் பக்கமாக நாகேஸ்வரி மூச்சிழுக்கும் விசில் சத்தம் அவருக்குக் கேட்டது. கம்பி வெளியே வரும்போது இழுத்தாள். உள்ளே போகும்போது விட்டாள்.

அவர் கம்பியை எட்டிப் பிடித்தார்.

வீட்டுக்குள் சத்தம் நின்றது. ஏதோ விழுந்து உடைந்தது.

கையை எடுத்தார். கம்பி அசையவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. விரலால் வெளியே இழுத்தார்.

வீட்டுக்குள் ஒரு மூச்சு.

"நாகேஸ்!"

மெசினைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கராஜ் வாசலைத் தாண்டவில்லை, சத்தம் நின்றுவிட்டது. திரும்ப ஓடிவந்து இழுத்தார். தள்ளினார். இழுத்தார். போன் வீட்டில். கூப்பிட்டால் கேட்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. ஆள்காட்டி விரல் மரத்தது. நடுவிரலுக்கு மாற்றினார். பெருவிரலுக்கு மாற்றினார். நன்றாக இருட்டிவிட்டது.

செருப்பில்லாத கால்கள் முற்றத்து மணலில் இழுபட்டு வந்தன.

நாகேஸ்வரி கராஜ் வாசலில் நின்றாள். உதடு நீலம். கண்கள் இமைக்கவில்லை. அவர் இழுக்க அவள் நெஞ்சு எழும்பியது. தள்ளத் தாழ்ந்தது. தாழும்போது மட்டும் அவளுக்குப் பேச்சு வந்தது.

"இனிக் காணும்."

இழுத்தார். தள்ளினார்.

"களைச்சுப்போனன். விடுங்கோ."

இழுத்தார்.