உடன்பிறந்தவர் உண்டா?

டாக்சி நின்றதும் துரை பெட்டியைக்கூட இறக்கவில்லை. கைப்பேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு. நம்ம வாசல்லேருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் முந்நூத்தி எண்பது மீட்டர்."

ஏழு வயதுப் பிள்ளையின் தலையைப் பதினாலு மணி நேரம் மடியில் தாங்கி, இரண்டு விமானம் மாறி வந்தவளுக்கு அந்த எண்ணைக் கேட்டு ஒன்றும் புல்லரிக்கவில்லை.

துரை என்பது அவர் பெயரல்ல. வெளிநாட்டு வேலை உறுதியான அன்றைக்கே நடையும் பேச்சும் மாறிப்போன கணவனுக்கு அவள் மனசுக்குள் வைத்த பட்டம். முதலில் அவர் போய் வீடும் பள்ளிக்கூடமும் பார்த்து வைப்பது, பத்து வருஷம் நடத்திய பல் மருத்துவமனையை மூடிவிட்டு அவள் மகளோடு பின்னால் வருவது என்று ஏற்பாடு. மூன்று மாதம் அவர் பார்த்த லட்சணம் இப்போது எதிரே நின்றது. இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில் மூச்சு முட்டி நிற்கிற ஒடுக்கமான மாடி வீடு. பகல் இரண்டு மணிக்கே முன்னறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

உள்ளே போனதும் ஒரு வாடை வந்தது. ஈரக் கம்பளியும் பென்சில் சீவலும் கலந்த வாடை. விடுமுறை முழுக்கத் திறக்காமல் போட்டு வைத்த சாப்பாட்டு டப்பாவின் வாடை.

"என்ன வாடை இது?"

"பழைய வீடு. ஜன்னலைத் திறந்து வச்சா போயிடும்."

"சமையலறையில ஒரு அலமாரிகூட இல்லியே."

"கோட்டுக்குள்ள இருக்குல்ல?"

கோடு என்பது பள்ளிக்கூட எல்லைக்கோடு. நகரத்திலேயே மூன்றாவது இடத்திலிருக்கும் அந்தப் பள்ளிக்கூடம், கோட்டுக்குள் குடியிருக்கும் பிள்ளைகளைத்தான் சேர்த்துக்கொள்ளும். கோடு இந்தத் தெருவின் நடுவே போனது. எதிர்வரிசை வீடுகள் வெளியே. அங்கே தோட்டம், வெயில் விழும் ஜன்னல்கள், வாசலில் உட்கார்ந்து சிரித்துப் பேசும் ஜனங்கள் எல்லாம் இருந்தன. "பாவம், நாலடி தள்ளி எடுத்துட்டாங்க" என்று அவர்களுக்காகத் துரை இரக்கப்பட்டார். முப்பத்தோரு பள்ளிக்கூடங்களுக்கு மதிப்பெண் போட்டு, பச்சை மஞ்சள் சிவப்பு அடித்து அவர் தயாரித்திருந்த அட்டவணையில் சமையலறைக்கு ஒரு கட்டம் கிடையாது. வெயிலுக்கும் கிடையாது.

"காத்திருக்கிறவங்களே அறுபது பேர்னு சொன்னீங்க. நமக்கு எப்படி இடம் கிடைச்சுது?"

"விண்ணப்பம் நிரப்பத் தெரியணும்மா" என்றார் துரை, சட்டைக் காலரைச் சரி செய்தபடி.

மகளுக்குச் சுண்டெலி என்று செல்லப்பெயர், கூப்பிடுவது எலி. முன்பல் இரண்டும் விழுந்து, அந்தச் சந்து வழியாகக் காற்றுப் போகப் பேசுவாள். முதல் நான்கு நாள் அவள் சந்தோஷமாகத்தான் போய்வந்தாள். ஐந்தாம் நாள் மாலை கேட்டில் வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே வந்தார்.

"சின்னவ வாயாடி. பெரியவதான் ரொம்ப அமைதி. வீட்லயும் அப்படித்தானா?"

"எனக்கு ஒரே பொண்ணுதாங்க."

ஆசிரியை புதுப் பெற்றோரின் மொழிக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கிறவர் மாதிரித் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். பேர்பெற்ற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக்கூட எண்ணத் தெரியவில்லை என்று அவள் உதட்டைச் சுழித்தாள். மூன்றாவது இடமாம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவத் திறந்தாள். ஆப்பிள் பாதி மிச்சமிருந்தது.

குழாயைத் திறந்த கை அப்படியே நின்றது.

ஆப்பிளின் ஒரு பக்கத்தில் சுண்டெலியின் கடி. நடுவில் பல் இல்லாததால் ஓரப்பற்களால் சுரண்டிய, கோணல்மாணலான கடி. மறுபக்கத்தில் இன்னொரு கடி. மேல்வரிசையில் நான்கு முன்பற்களும் முழுசாக இறங்கியிருந்தன. இடப்பக்கப் பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. அதற்கு அடுத்து, கோரைப்பல் விழுந்து புதுசு முளைக்காத இடைவெளி. அங்கே மட்டும் சதை அறுபடாமல் மேடாக நின்றது.

பத்து வருஷம் பிள்ளைகளின் வாயைப் பார்த்தவள் அவள். பத்து வயது இருக்கும் என்றது அவள் கண். பதினொன்றுக்கு மேல் போகாது.

"எலி, இதை யார் கடிச்சது?"

"அக்கா. அவ டப்பா கொண்டு வர்றதில்லம்மா. அவளுக்கு யாரும் கட்டித் தர்றதில்லையாம்."

"எந்த அக்கா?"

சுண்டெலி மாடிப்படியைப் பார்த்தாள்.

படி காலியாக இருந்தது.

ஆனால் அந்த ஈரக் கம்பளி வாடை, இப்போதுதான் யாரோ கடந்து போன மாதிரி, படியில் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குத் துரை வேலையிலிருந்து வந்து மேலங்கியைக் கழற்றுவதற்குள் அவள் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டாள். ஏதேதோ சொல்லி மழுப்பிப் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி. இந்தப் பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் உடன்பிறந்தவர் உண்டா? உண்டு என்று எழுதியிருந்தது. கீழே ஒரு சிறுமியின் பெயர், இதே வீட்டு முகவரி. உறவு என்ற இடத்தில் 'என் மூத்த மகள்'. அதற்குக் கீழே துரையின் கையெழுத்து, வால் நீட்டி, கோடு இழுத்து.

"யார் இவ?"

"நான் வந்தப்போ தபால்பெட்டியில பள்ளிக்கூடத்துக் கடுதாசி கிடந்துச்சு. முன்னாடி குடியிருந்தவங்க பொண்ணு போல. பேரை இன்னும் எடுக்கல. கூடப் பிறந்தவங்க படிச்சா காத்திருக்க வேணாம்னு விதி இருக்கு. ஒரு பேரை எழுதினேன், அவ்வளவுதானே. எழுதினா தேய்ஞ்சா போயிடும்?"

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனிதர் திருடியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது என்று தோன்றியது. திருட்டுக்காவது கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

"அந்தப் பேரை அடிச்சிட்டு வாங்க."

"அடிச்சா எலிக்கு இடம் போயிடும். அதுக்கப்புறம் கோட்டுக்கு வெளிய இருக்கிற தொண்ணூத்தி நாலாவது இடத்துப் பள்ளிக்கூடம்தான். நீ வேணா பிள்ளையை அங்க அனுப்பு, நான் ஆபீஸ்ல யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது.

'தங்கள் மூத்த மகள் வந்துள்ளார். இளைய மகள் இன்று வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்.'

எட்டரைக்குத்தான் மகளைக் கேட்டுக்குள் விட்டு, அவள் உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மேலங்கிக்குப் பொத்தான்கூடப் போடாமல் முந்நூற்று எண்பது மீட்டரும் ஓடினாள்.

வகுப்பில் மூன்றாவது வரிசையில் சுண்டெலி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறி, அழுது ஓய்ந்த கண்களோடு. அவளைக் கடந்து போன ஆசிரியையின் பார்வை, காலி நாற்காலியைக் கடப்பது மாதிரி அவள் மேல் நிற்காமல் போயிற்று.

"இதோ என் பொண்ணு இருக்காளே" என்றாள் அவள்.

ஆசிரியை திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "அட, எப்ப வந்தா?"

வெளியே அழைத்து வந்தபோது சுண்டெலியின் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"டீச்சர் என்னைக் கூப்பிடவே இல்லம்மா. நான் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். ஒரே வீட்லேருந்து ரெண்டு பேர் எதுக்குன்னு அக்கா கேட்டா."

வழியிலேயே வீட்டுத் தரகரைக் கூப்பிட்டாள். இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதர், கேட்டதும் குரலை இறக்கினார்.

"அவங்களும் உங்களை மாதிரி வெளிநாட்டுலேருந்து வந்தவங்கதாம்மா. அந்தப் பள்ளிக்கூடத்துக்காகவே இந்த வீட்டை எடுத்தாங்க. குளிர்காலத்துல பொண்ணுக்குக் காய்ச்சல். பரீட்சை நேரம்னு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பினவ படியிலேயே உட்கார்ந்தா. எந்திரிக்கல."

"இதை ஏன் சொல்லல?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. கேட்டுட்டு, வீடு காலியா இருக்குன்னு வேற யாருக்கும் சொல்லிடாதீங்க, வாடகைக்குப் போட்டி வரும்னார்."

அவள் கைப்பேசியை அணைத்தாள்.

துரை மதியமே வேலையிலிருந்து வரவழைக்கப்பட்டார். அவள் சத்தம் போடவில்லை. சாப்பாட்டு மேஜையில் விண்ணப்பத்தைப் போட்டாள்.

"இப்பவே போறீங்க. எலியையும் கூட்டிட்டுப் போங்க, இந்த வீட்ல ஒரு நிமிஷம் அவ இருக்கக் கூடாது. அந்தப் பேரை அடிச்சு, நம்ம பிள்ளையையும் விலக்கிட்டு வாங்க. நான் பெட்டி கட்டுறேன்."

"மூணாவது இடம்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மழைமேகம் கட்டி, மூன்றே காலுக்கே இருட்டத் தொடங்கியது. மாடியில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கீழே முன்கதவில் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, உயரமில்லாத இடத்திலிருந்து.

"அம்மா, கதவைத் திற."

சுண்டெலியின் குரல்தான். பாதிப் படி இறங்கியபோது கையிலிருந்த கைப்பேசி அடித்தது. துரை.

"இன்னும் பள்ளிக்கூட ஆபீஸ் வாசல்லதான் உட்கார்ந்திருக்கோம். வர்றதுக்கு நேரமாகும்."

"எலி எங்க?"

"இதோ, என் மடியில தூங்குறா."

அவள் அந்தப் படியிலேயே நின்றாள்.

"அம்மா."

இம்முறை குரலில் பல்லில்லாத காற்று இல்லை. தெளிவாக, நிதானமாக, பெரிய பிள்ளையின் குரல்.

கதவின் நடுவே தபால் போடுகிற துவாரம் இருந்தது. அதன் பித்தளை மூடி மெதுவாக உள்பக்கம் உயர்ந்தது.

வாடை உள்ளே வந்தது.

துவாரத்தில் ஒரு வாய் தெரிந்தது. வெளுத்த உதடுகள். நான்கு முன்பற்கள். இடப்பக்கம் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. அதற்கு அடுத்து ஒரு கருத்த இடைவெளி.

"நீ யாரும்மா?" என்றாள்.

"பெரியவ."

"நான் உன் அம்மா இல்ல."

அந்த வாய், அடம்பிடிக்காமல், கணக்குப் பாடத்தில் சரியான விடை சொல்லும் பிள்ளையின் பொறுமையோடு சொன்னது.

"அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரே."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறக்கவில்லை. வெளியே மழை பிடித்தது. அந்த வாய் துவாரத்திலேயே இருந்தது. மூச்சுக் காற்று ஒன்றும் வரவில்லை.

எவ்வளவு நேரமென்று தெரியாது. கைப்பேசி மறுபடி அடித்தது.

"அடிச்சாச்சு" என்றார் துரை. "என் எதிரிலேயே சிவப்பு மையால கோடு போட்டாங்க."

பித்தளை மூடி டக்கென்று விழுந்தது.

அன்றைக்கே அந்த வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். பத்து நாள் விடுதி. பிறகு நகரத்தின் மறுகோடியில் ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன வீடு, அவள் பார்த்தது. காலையில் வெயில் விழுந்தது. சமையலறையில் ஏழு அலமாரிகள். பக்கத்துத் தெருவில் யாருடைய அட்டவணையிலும் இல்லாத ஒரு பள்ளிக்கூடம். விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். உடன்பிறந்தவர் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அழுத்தி அடிக்கோடும் போட்டாள். அங்கே முதல் நாளே ஆசிரியை சுண்டெலியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழந்தைக்கு ஒரே வாரத்தில் கன்னத்தில் நிறம் திரும்பியது.

துரை அடங்கிப்போனார். அட்டவணை, காலர் எல்லாம் எங்கோ போய்விட்டன. மாலையில் தானே பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளைக் கூட்டி வந்தார். மிரண்டுபோன மனுஷன், பிள்ளையின் அருமை இப்போதுதான் உறைத்திருக்கிறது என்று அவள் கொஞ்சம் ஏளனமாகவே நினைத்துக்கொண்டாள். ஏளனத்தை உடனே விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவளும் கூடப் போனாள். திரும்பும்போது பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. துரையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு சுண்டெலி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். அவருடைய இடது கை உடம்பை விட்டுச் சற்று விலகி, விரல்கள் மடங்கி, அசையாமல் தொங்கியது. அந்தப் பக்கத் தோள் இறங்கியிருந்தது.

விளக்குப் பச்சைக்கு மாறியது. எல்லோரும் நடந்தார்கள். துரை நின்றார்.

"நடங்க. பச்சை விழுந்துடுச்சு."

"இரும்மா, என்ன அவசரம்" என்றார் துரை, இடப்பக்கம் குனிந்து பார்த்தபடி, மிகச் சாதாரணமாக. "ஷூ லேஸ் அவுந்திருக்கு, கட்டிக்கட்டும்."

அவள் மகளின் காலைப் பார்த்தாள். சுண்டெலி போட்டிருந்தது ஒட்டுப்பட்டை வைத்த ஷூ. அதில் லேஸே கிடையாது.