பென்சிலில் எழுதிய பெயர்

குறைதீர் அலுவலரின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு அங்கே துடைப்பங்கள் இருந்தன. கூரை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியதால், வருகிறவர்கள் குனிந்துதான் உட்கார வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கும் உரிமை அவருக்கு உண்டு. யாருக்கும் எதையும் கொடுக்கும் உரிமை இல்லை.

புதன்கிழமை காலை அவருடைய தட்டச்சர் பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். அவளை எல்லோரும் மின்னல் என்றே கூப்பிட்டார்கள். தட்டச்சு வேகத்துக்காக அல்ல, முடிவுக்கு வரும் வேகத்துக்காக.

"எங்க சந்துக்குப் பின்னாடிதானே சார் சிமெண்ட் ஃபேக்டரி? அவங்க சைரன்தான் எனக்கு அலாரம். மூணு மாசமா காலை ஷிப்டை ஆறுலேர்ந்து ஏழுக்கு மாத்திட்டானுங்க. பாழாப்போன உடம்பு அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேங்குது."

"ஒரு அலாரம் வாங்கிடலாமே."

"ஓசியில கூவுறதை விட்டுட்டுக் காசு குடுத்து வாங்கச் சொல்றீங்களா?"

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெண் உள்ளே வந்தாள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அவளுக்குப் பின்னால், வாசலிலேயே தயங்கி, அவளுடைய அப்பா. சாம்பல் நிறச் சட்டை. சட்டைப் பையின்மேல் அதே சிமெண்ட் ஆலையின் முத்திரை.

"உதவித்தொகைப் பட்டியல் போட்டுட்டாங்க சார். என் பேரு இல்ல. நிராகரிச்சவங்க பட்டியல்லயும் இல்ல. கேட்டா, நீ விண்ணப்பிக்கவே இல்லங்கறாங்க."

மேசைமேல் ஒரு சிறிய ரசீதை வைத்தாள். எண் 215. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. கவுண்டர் எழுத்தரின் சுருக்கொப்பம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணம் கட்டலன்னா பேரை எடுத்துடுவாங்க. கட்ட வீட்ல ஒண்ணும் இல்ல."

"எங்கயோ தவறிப் போயிருக்கும். விடும்மா" என்றார் அப்பா. "நம்ம தலையெழுத்து."

"தலையெழுத்தை அப்புறமாப் படிக்கலாம்ப்பா. இதுல இருநூத்திப் பதினஞ்சுன்னு எழுதியிருக்கு."

மனுவில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் அவரை இழுத்து வந்திருந்தாள். அலுவலர் பேனாவை நீட்டினார்.

"வேலைக்கு லீவு போட்டீங்களா?"

அப்பா பதில் சொல்லுமுன் மகள் சொன்னாள். "அரை நாள் சார். அப்பாவுக்கு ஆறு மணி ஷிப்ட். அஞ்சு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிட்டார். எடைமேடையில லாரிக்கெல்லாம் எடை போடணும். அங்கேர்ந்து நேரா இங்க வந்துட்டார்."

அவர் தலையாட்டினார். குனிந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அலுவலரின் பார்வை அவருடைய கால்களில் நின்றது. கறுப்புக் காலணி, தையல் இடுக்குவரை சுத்தமாக இருந்தது. காற்சட்டை ஓரத்தில் நாலைந்து புல்விதைகள் ஒட்டியிருந்தன.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

*

உதவித்தொகைப் பிரிவில் சுவரோரம் மூன்று நிறத்தில் படிவக் கட்டுகள் இருந்தன. வெள்ளையும் மஞ்சளும் கரைந்து போயிருந்தன. பச்சைக் கட்டில் சில தாள்கள்தான் குறைந்திருந்தன. அவற்றுக்கு மேலே ஓர் அறிவிப்பு: ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர் படிப்பு முடியும்வரை மீண்டும் விண்ணப்பிக்க இயலாது.

பட்டியலில் பதினோராவது பெயரை மின்னல் விரலால் குத்தினாள். "இது கண்காணிப்பாளரோட அக்கா பையன் சார். முடிஞ்சது கதை. ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு வெளிய போகணும்ல?"

அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் அதைக் கேட்டுவிட்டார். "அக்கா பையன்தான். அப்பன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. ஃபைலை எடுத்துப் பாரும்மா, எல்லாச் சான்றிதழும் இருக்கு. சும்மா வாயில வந்ததை எல்லாம் மெல்லாத."

கவுண்டர் எழுத்தர் மெலிந்த மனிதர். சட்டைப் பையில் பேனா, காதில் பென்சில். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு. தினம் அறுபது பேர் வர்றாங்க சார். ஞாபகம் இல்ல."

பதிவேட்டில் 214 இருந்தது. 216 இருந்தது. நடுவில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. அலுவலர் பதிவேட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக அதேபோல் சாய்த்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. மின்னல் கொட்டாவி விட்டாள்.

"இங்கேர்ந்து வெளியே ஃபோன் பண்ணா எழுதி வைக்கணும்ல?" என்று கேட்டார்.

எழுத்தர் தொலைபேசிக் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை உடனே திரும்பிப் போகவில்லை. அலுவலர் மூன்று வரிகளைத் தாளில் குறித்துக்கொண்டார். வெளியே வரும்போது மணி நாலரை.

"அந்த ஆளுதான் சார்" என்றாள் மின்னல். "கை அப்படியே நின்னதைப் பாத்தீங்களா? இப்பவே ஒரு கடிதம் அடிச்சுடறேன்."

"நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லு. உறுதியாத் தெரியாம ஒருத்தர் மானத்துல கை வைக்கக் கூடாது."

*

வியாழக்கிழமை காலை ஐந்து பேர் அந்தச் சரிவான கூரைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்தார்கள். ஆறாவது நாற்காலிக்கு இடம் இல்லாததால் மின்னல் கதவில் சாய்ந்து நின்றாள்.

"பாப்பா, நீ கொஞ்ச நேரம் வெளிய இருக்கியா?" என்றார் அலுவலர்.

"மாட்டேன் சார். என் படிப்பு."

அலுவலர் அப்பாவைப் பார்த்தார். அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. பதிவேட்டுல 215 காலியா இல்ல. பென்சில்ல எழுதி அழிச்சிருக்கு. சாய்ச்சுப் பாத்தா இந்தப் பொண்ணோட பேரு தடமாத் தெரியுது. திருடறவன் எதுக்கு முதல்ல பென்சில்ல எழுதணும்? அதனால மத்த பக்கத்தையும் பாத்தேன். 88, 131, 190. மூணுலயும் பேனா எழுத்துக்கு அடியில பென்சில் இருக்கு. மூணு பேருக்கும் உதவித்தொகை கிடைச்சிருக்கு."

"அப்படின்னா?" என்றாள் மின்னல்.

"குறையோட வர்ற விண்ணப்பத்தை மேல அனுப்பினா நிராகரிச்சுடுவாங்க. அப்புறம் படிப்பு முடியறவரைக்கும் கேக்கவே முடியாது. அதனால இவர் மேல அனுப்பறதில்ல. பென்சில்ல பேரு எழுதிட்டு, விண்ணப்பத்தைத் தன் மேசையில வச்சுக்கறார். சரியான தாளைக் கொண்டு வந்தா பேனாவால எழுதுவார். விதியில இல்லாத வேலை. வெளிய தெரிஞ்சா இவர் வேலை போயிடும்."

கண்காணிப்பாளர் எழுத்தரின் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமா இந்தக் கூத்து?"

"பதினேழு" என்றார் எழுத்தர். பையிலிருந்து மடித்த விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "சம்பளச் சான்றிதழ் பதினாலு மாசம் பழசு சார். ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும்."

"எனக்கு ஏன் சொல்லல?" அந்தப் பெண் எழுந்தாள், தலை கூரையில் இடித்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கார்" என்றார் அலுவலர். "மூணு தடவை ஃபோன் பண்ணியிருக்கார். மூணும் விண்ணப்பத்துல பெற்றோர்னு போட்ட எண்ணுக்கு. ரெண்டாவது தடவை நாலு நிமிஷம் பேசியிருக்கு. தப்பான நம்பர்கிட்ட யாரும் நாலு நிமிஷம் பேச மாட்டாங்க."

படியில் யாரோ இறங்கும் சத்தம் தலைக்குமேல் கடந்து போனது.

"நாளைக்குக் கொண்டாறேன்னு சொன்னார் சார்" என்றார் எழுத்தர், யாரையும் பார்க்காமல். "மூணு தடவையும் அதையேதான் சொன்னார். கடைசி நாள் சாயங்காலம்வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் அழிச்சேன். அழிச்சா அடுத்த வருஷமாவது போடலாமேன்னு."

"அப்பா?"

அப்பா இன்னும் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலர்தான் பேச வேண்டியிருந்தது.

"ஆறு மணி ஷிப்ட்டே இப்ப இல்லம்மா. மூணு மாசமா அந்த ஆலையில ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கறாங்க. இது உங்கப்பாவுக்குத் தெரியல. எடைமேடையில நிக்கறவர் காலணித் தையல்ல சிமெண்ட் ஏறினா கழுவினாலும் போகாது. அவர் காலணி சுத்தமா இருந்துச்சு. காற்சட்டையில புல்விதை. பகலெல்லாம் எங்கயோ புல்தரையில உக்காந்திருக்கார். புதுச் சம்பளச் சான்றிதழ் அவரால கொண்டாந்திருக்க முடியாது. சம்பளம் இருந்தாத்தானே?"

"நாலு மாசம் ஆச்சு" என்றார் அப்பா. "கேமராவும் கம்ப்யூட்டரும் வச்சுட்டாங்க. லாரி ஏறினா அதுவே எடை போட்டு அதுவே எழுதிக்குது. கணக்கு முடிச்சு ஒரு தொகை குடுத்தாங்க. அதைத்தான் பிரிச்சுப் பிரிச்சு, மாசாமாசம் சம்பளம்னு உங்கம்மாகிட்ட குடுத்தேன். போன மாசத்தோட தீந்துடுச்சு." மகள் பக்கம் திரும்பினார். "எப்படியும் வேற வேலை கிடைச்சுடும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்மா."

எழுத்தர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஒரு வார்த்தை. ஃபோன்ல ஒரே ஒரு வார்த்தை. வேலை இல்லன்னு சொல்லியிருந்தா பச்சைப் படிவத்தை நானே நிரப்பியிருப்பேனே! அப்பா அம்மா வேலை போன பிள்ளைங்களுக்குத் தனி ஒதுக்கீடு. முழுக் கட்டணம். பத்து இடம். மூணு பேர்தான் கேட்டாங்க. யாரும் வர மாட்டேங்கறாங்க சார். வெக்கம்."

மின்னல் கதவிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப ஏழு இடம் இருக்கே! இப்பவே போடலாமே! படிவம் எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"நில்லும்மா" என்றார் கண்காணிப்பாளர். இந்த முறை அவர் குரலில் கோபம் இல்லை. "அதுக்குக் கடைசி நாள் நேத்து. சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் வாங்கினோம். அஞ்சு அடிச்சதும் மிச்சப் பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன். இனி என் கையில இல்ல. யார் கையிலயும் இல்ல."

மின்னல் அலுவலரைப் பார்த்தாள். அவரைப் பற்றி அவள் முடிவுக்கு வர முதல்முறையாக நேரம் பிடித்தது.

"நேத்துக் காலையில" என்றார் அலுவலர், மெதுவாக. "இந்த அறையில. அவர் காலணியைப் பாத்தப்பவே எனக்குப் பாதி தெரியும். பச்சைக் கட்டையும் கண்ணால பாத்தேன், என்னன்னு கேக்கல. அப்ப வாயைத் திறந்திருந்தா நேரம் இருந்துச்சு. உறுதி பண்ணிட்டுப் பேசலாம்னு இருந்துட்டேன்."

"நான் நாலு மாசம் பேசல சார்" என்றார் அப்பா. "நீங்க ஒரு நாள்தானே?"

அது ஆறுதலா, குத்தலா என்று யாருக்கும் புரியவில்லை.

கண்காணிப்பாளர் எழுந்து, குனிந்தபடியே வெளியே போனார். பென்சிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எழுத்தரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கண்காணிப்பாளரின் பின்னாலேயே போனார்.

"நாளைக்கு அவங்களாப் பேரை எடுத்தா, நீ படிச்ச ஒண்ணரை வருஷமும் போயிடும்" என்றார் அலுவலர். "நீயா இன்னைக்கே விலகினா, ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பி வரலாம். விட்ட இடத்துலேர்ந்து."

"வந்திருக்காங்களா யாராவது?"

அவர் யோசித்தார். பொய் சொல்லலாம். "எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்" என்றார். அந்த ஒருத்தர் ஆறு வாரம் இருந்துவிட்டு மறுபடி போனதை அவர் சொல்லவில்லை.

மின்னல் விலகல் படிவத்தைத் தட்டச்சுப் பொறியில் ஏற்றினாள். பெயர், வகுப்பு, பதிவு எண். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர்கள் இருவரும் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள்போலப் பேசிக்கொண்டார்கள்.

"பெற்றோர் தொழில்?"

பெண் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பொறியின் சத்தம் நின்றது.

"இல்லன்னு போடுங்க" என்றார் அப்பா.

மின்னல் அடித்தாள். மூன்று எழுத்து.

அவர் முன்னால் சாய்ந்து, தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"இதுக்குச் சான்றிதழ் ஏதாவது கொண்டாரணுமா சார்?"

"வேண்டாம்" என்றார் அலுவலர். "விலகறதுக்கு எதுவும் வேண்டாம்."