வாசலில் நிற்காத பெயர்

மிலானிலிருந்து வரும் மாலை ரயில் லோதி நிலையத்தில் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போன ஐந்தாவது நிமிடம், ஐனோ லெஹ்தோலா மிரெல்லாவின் காப்பிக் கடைக்குள் நுழைந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"என் பேரை யாரோ திருடுறாங்க."

மூலை மேசையில் ஓத்தாவியோ செய்தித்தாளை மடித்தார். முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊரில் காணாமற்போகும் சைக்கிள்களையும் பூனைகளையும் கண்டுபிடிக்கிறார். கடைக்காரி மிரெல்லா, யாரும் கேட்காமலே அவருக்கு உதவியாளரானவள்.

ஐனோ பின்லாந்துக்காரி. வேலை மிலானில், வீடு லோதியில், நான்கு மாதமாக. குடியிருப்புப் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தாள். நகராட்சிக் காவலர் வந்து, ஆள் உண்மையில் அங்கே இருக்கிறாரா என்று பார்ப்பார். வாசலில் பெயர் இல்லையென்றால் எந்த மணியை அடிப்பது? ஒருமுறை அப்படித்தான் திரும்பிப் போனார். வெள்ளிக்குள் இன்னொரு முறை வருவார், அதுவே கடைசி. பதிவு இல்லையென்றால் மழலையர் பள்ளியில் இடமில்லை. மூன்று வயது மகள் வீரா, பின்லாந்தின் தம்பெரே நகரில் பெரியம்மா வீட்டில் காத்திருக்கிறாள்.

"நாளைக்கும் வெள்ளிக்கும் லீவு போட்டாச்சு. ஆனா நாலாவது மாடியிலேருந்து ரெண்டு நாளும் தெருவையே பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றாள் ஐனோ.

மணிப் பலகையில் இன்னும் பழைய குடித்தனக்காரர் பெயர்தான். அதனால் அவளே தாளில் பெயரை அச்சடித்துக் கட்டட வாசல் கதவில் ஒட்டினாள். மூன்று முறை ஒட்டினாள். மூன்று முறையும் காணோம். கிழிந்த துண்டு இல்லை, பசைத் தடம்கூட இல்லை.

வேறு ஏதாவது நடந்ததா என்று ஓத்தாவியோ கேட்டார். யோசித்துச் சொன்னாள். முதல் தாள் ஒட்டிய மறுநாள் யாரோ வாசற்படியில் கல்லுப்பு தூவியிருந்தார்கள். அவள் வீட்டு வாசலில் ஒரு தட்டு லசான்யா இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை, பசித்தது, தின்றுவிட்டாள்.

"கீழ்வீட்டு கல்மோத்ஸிதான்," என்றாள் மிரெல்லா. "குப்பைக்காக தினமும் இவளோட மல்லுக்கு நிக்கிற ஆளு. பேரைப் பிச்சுட்டு, மனசு உறுத்தி லசான்யா வெச்சிருப்பான்."

"அந்த ஆளுக்கு உறுத்துற மனசு இருக்குன்னு நீயே ஒத்துக்கிட்டியே," என்றார் ஓத்தாவியோ. "நாலாவது தாள் இருக்காம்மா?"

ஐனோ எடுத்து வைத்தாள். அரைப்பக்கத் தாள். பெரிய எழுத்தில் லெஹ்தோலா. மேலே அவள் நாட்டுக் கொடி. அலுவலக இயந்திரத்தில் கறுப்பு மை மட்டுமே இருந்ததால் கொடியிலிருந்த நீலச் சிலுவை கறுப்பாக விழுந்திருந்தது. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம்.

மிரெல்லாவின் கை தன்னால் காப்பி இயந்திரத்தின் இரும்புப் பிடியைத் தொட்டது.

"அதை ஏன் தொட்டே?" என்றார் ஓத்தாவியோ.

"எதை?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள்.

கட்டட வாசலில் கல்மோத்ஸியையும் இரண்டாம் மாடி பியேராவையும் வரவழைத்தார். பியேராவின் கணவருக்கு நாளை மறுநாள் இதய அறுவைச் சிகிச்சை என்பது ஊருக்கே தெரியும். ஓத்தாவியோ தாளைத் தூக்கிக் காட்டினார். கல்மோத்ஸி தொப்பியைக் கழற்றினார். பியேரா கதவின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா மிரெல்லா? அபசகுனம் கண்டா நாம இரும்பைத் தொடுவோம். அங்க நீ தொட்டே, இங்க பியேரா தொட்டாங்க. கறுப்புக் கட்டம், சிலுவை, குடும்பப் பேரு. நம்ம ஊர்ல வாசக்கதவுல இப்படி ஒட்டினா என்ன அர்த்தம்?"

மிரெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "சாவு அறிவிப்பு."

"துக்க வீட்டுக்குச் சமைச்சதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது வழக்கம். அதான் லசான்யா. கெட்டது அண்டாம இருக்கக் கல்லுப்பு. கோபத்துல எடுக்கிறவன் கிழிப்பான். இது பயந்து எடுத்த கை. இந்தக் கட்டடத்துல யார் வீட்டுல உயிர் பயம்?"

பியேரா அழவில்லை. மாடிக்குப் போய் மூன்று தாள்களையும் கொண்டுவந்தாள். மடிப்பு விழாமல் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தாள்.

"செத்தவங்க பேரை எப்படிக் கிழிக்கிறது? ஆனா என் சாந்த்ரோ அந்தத் தாளைத் தாண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மன்னிச்சிரும்மா. யாரு போனாங்கன்னு கேக்கக்கூட தைரியம் வரல."

"யாரும் போகல," என்றாள் ஐனோ. "அது எங்க கொடி."

முதலில் சிரித்தது பியேரா.

கல்மோத்ஸி சிரிக்கவில்லை. "யாரும் சாகலையா? அப்ப என் லசான்யா?"

"தின்னுட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி."

வியாழன் காலை காவலர் வந்தபோது கதவில் பச்சை மையில், பியேராவின் கையெழுத்தில், பெயரும் மாடி எண்ணும் இருந்தன. மணியடித்தார். ஐனோ இறங்கி வந்தாள். கதவிலிருந்த தாளையும் அவளையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து ஒட்டின மாதிரி இருக்கே. நிஜமா இங்கதான் இருக்கீங்களா?"

அவள் வாயைத் திறக்குமுன் கீழ்வீட்டுச் சன்னல் திறந்தது.

"நாலு மாசமா இங்கதான் இருக்கா," என்றார் கல்மோத்ஸி. "காகிதக் குப்பை போடுற நாள்ல பிளாஸ்டிக் போடுறா. தேதி வாரியா எழுதி வெச்சிருக்கேன், கொண்டு வரட்டுமா?"

காவலர் வேண்டாம் என்று கையசைத்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.