பியானோப் பிசுக்கு

பியானோவின் நடுவிலிருந்த ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் ஈரமாக இருந்தது. தண்ணீர் கொட்டிய ஈரம் இல்லை. கூட்டமான பஸ்ஸில் யாரோ வெகுநேரம் பிடித்துவிட்டுப் போன கம்பியை நாம் பிடிக்கும்போது உள்ளங்கையில் ஒட்டுமே, அந்த மாதிரி ஈரம். குழந்தைக்கு வாய் துடைக்கும் துணி அவள் தோளில் கிடந்தது. அதாலேயே கட்டையை அழுத்தித் துடைத்தாள். சும்மா இருந்திருக்கலாம், துணியை மோந்தும் பார்த்தாள். நாளெல்லாம் போட்டுக் கழற்றிய செருப்பின் உள்பக்கமும் திரிந்துபோன பாலும் சேர்ந்த வாடை. "கருமம்" என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை அழுக்குக் கூடையில் எறிந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். உட்கார்ந்து பார்த்தால் அதே கட்டை மறுபடி ஈரம்.

பியானோ வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேடையில் வாசிக்கிற டிஜிட்டல் பியானோ. கட்டைகள் எல்லாம் நிஜப் பியானோ போல விரலுக்குக் கனம் கொடுக்கும். அதைத் தூக்கி ஸ்டாண்டில் வைப்பதற்குள் அவள் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. விற்றவரின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை, வெண்ணெய் என்றால்தான் தெரியும். ஹோட்டல் வரவேற்பறைகளில் வருஷக்கணக்காக வாசித்தவர், வாசிப்பு அப்படி வழுக்கிக்கொண்டு போகும். பிடித்தவர்கள் ஒரு தொனியில் அந்தப் பெயரைச் சொல்வார்கள், பிடிக்காதவர்கள் வேறு தொனியில் சொல்வார்கள். அந்த மனுஷர் ஒருநாள் திடீரென்று வாசிப்பதையே விட்டுவிட்டு, பியானோவைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்.

அவளுக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது. பாப்பா பிறந்ததிலிருந்து ஒரு மேடையும் இல்லை. குழுவை நடத்துகிற மாஸ்டர், "நீ வர்றியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா? வந்தா சொந்தப் பியானோவோட வா" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று போனை வைத்துவிட்டு அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, பேச்சும் சாமர்த்தியமாக வராது. அவளிடம் இருந்ததெல்லாம் அந்தப் பத்து விரல்கள்தான். அவை போனால் அவளை யாருக்குத் தெரியும்?

பாப்பா தூங்கும் நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பாள். உள்ளே அவளுக்குப் பெரிய கூடத்தில் கிராண்ட் பியானோ முழங்கும். வெளியே இருப்பவர்களுக்குக் கட்டைகள் இறங்கி ஏறும் தொப் தொப் மட்டும்தான் கேட்கும். அது சகஜம். இந்த வாத்தியம் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அதற்கு ஒரு சண்டை உண்டு. ஆனால் அவள் மாமியார் சொன்னது வேறு.

"பாட்டுக் கேக்கும்னு பாத்தேன் அம்மாடி. யாரோ பச்சை மாவைப் போட்டுப் பிசையற மாதிரில்ல கேக்குது."

"கட்டை சத்தம் அத்தை. ரப்பர் இருக்கும் உள்ள."

"என்ன ரப்பரோ. சளக்கு சளக்குன்னு. சோறு எறங்கல எனக்கு."

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலியைச் சுத்தமாகக் குறைத்து, மெதுவாக ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். கட்டை இறங்கியபோது தொப் என்றது. ஏறும்போது, ஈரமான உதடு பிரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அடுத்த கட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

இருந்தாலும் வாசிப்பு வந்ததே, அதுதான் அவளை அங்கேயே உட்கார வைத்தது. முன்பெல்லாம் முக்கி முனகி எட்டிப் பிடிக்கிற வேகங்கள் இப்போது கேட்காமலே வந்தன. விரல்கள் கட்டைகளுக்குள் கொஞ்சம் புதைந்து வெளியே வந்தன. பிளாஸ்டிக் எப்படிப் புதையும் என்று யோசிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். நோட்ஸ் தாளைப் புரட்ட ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம், எத்தனையோ பேர் திட்டியும் போகவில்லை. அன்றும் வாசிப்பின் நடுவே ஞாபகமில்லாமல் தொட்டுவிட்டாள். உப்பு. அதன் பின்னால் ஒரு கொழகொழப்பு. வியர்த்து ஊறின தலையணை உறையைக் கடித்த மாதிரி ஒரு ருசி நாக்கின் அடிவரை போய் உட்கார்ந்துகொண்டது. குளியலறைக்கு ஓடி, வாய் கொப்பளித்து, பல் தேய்த்து, மறுபடி கொப்பளித்தாள். ருசி போகவில்லை. சாயங்காலம் குடித்த டீயிலும் அது இருந்தது.

மறுநாள் காலை ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைகளுக்கு நடுவில் குச்சியை விட்டு இழுத்தால் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக வந்தது. குளிக்கும்போது குதிகாலைத் தேய்த்தால் உருண்டு வருமே, அதே தோல். வழித்து வழித்துக் காகிதத்தில் வைத்தாள். ஒரு நகத்துண்டு வந்தது. இன்னொன்று, சிவப்புப் பூச்சோடு. வெண்ணெய் நகத்துக்குப் பூச்சுப் பூசுகிற ஆள் இல்லை. அவருக்கு முன்னால் யாரோ. அவருக்கும் முன்னால் இன்னும் யார் யாரோ. காகிதம் நிறைந்துவிட்டது, கட்டை இடுக்கு இன்னும் காலியாகவில்லை. சீ, எத்தனை பேர் கையடா இது. காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, துடைத்த கட்டைகள் எல்லாம் அமைதியாக வியர்த்திருந்தன.

அன்றைக்குத்தான் அவள் போன் அவளைத் திறக்க விடவில்லை. விரல் வைத்தாள், ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள், ஏற்கவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"போனுக்கே உன்னைப் பிடிக்கல போல" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போய்விட்டார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பிப் பார்த்தாள். ரேகை இல்லை. கோடு ஒன்றுகூட இல்லாமல், நுனி பளபளவென்று இருந்தது. மற்ற விரல்களைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் கையை மடக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, கை சுடலையா உனக்கு?" என்று அத்தை கேட்டபோதுதான் தெரிந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தை வெறும் விரலால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

சாயங்காலம் வெண்ணெயைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு வீடியோவில் வந்தார். போனைக் கையில் பிடிக்கவில்லை, எதன் மேலோ சாய்த்து வைத்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பியானோ…"

"ஈரமா இருக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாசிப்பு நல்லா வருதா?"

"வருது."

"வரும்" என்றார். கையைத் தூக்கிக் காட்டினார். நகம் இல்லை. கணு மடிப்பு இல்லை. உரித்த பூண்டுப் பற்களை வரிசையாக ஒட்டி வைத்த மாதிரி இருந்தன விரல்கள், ஒன்றின் நுனியில் கருகிப்போன பெரிய புண். "அடுப்புல பட்டது. வாடை வந்து வீட்ல சத்தம் போட்டாங்க, அப்பதான் எனக்கே தெரியும்."

"விக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நீ வாங்கியிருப்பியா?" கோபமே இல்லாமல் கேட்டார். அவளுக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"இனிமே தொட மாட்டேன்."

"தொடாட்டி என்னம்மா. நம்ம கை எங்க பட்டாலும் இப்ப அதுக்குத்தான் தெரியுது. நமக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். மாஸ்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், மேடையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், விரல் மிஞ்சினால் போதும். வீட்டுக்காரர் வந்ததும் இரண்டு பேருமாக அதைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கினாள். பழைய போர்வை ஒன்றை மேலே போட்டாள். அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தாமல், கூடத்தில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. அத்தை மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் காய்ந்த துணிகள் நனைகிற வாடை, வடிகால் வாடை, அதற்கு அடியில் அந்த இன்னொரு வாடை, எல்லாம் சேர்ந்து கூடத்துக்குள் வந்து நின்றன.

யோசனையாக மேஜை விளிம்பில் விரலைத் தட்டினாள். மரத்தைத் தொட்டது தெரியவில்லை.

அறைக்குள் தொப் என்றது.

அவள் விரல் அப்படியே நின்றது. அறையும் அமைதியாக இருந்தது.

மறுபடி ஒரு தட்டு.

தொப்.

இரண்டு தட்டு. தொப், தொப். போர்வை ஓர் இடத்தில் மட்டும் குழிந்து எழுந்தது.

எழுந்து போனாள். போகக்கூடாது என்று தெரிந்தும் போனாள். கால் கட்டைவிரலால் போர்வையை இழுத்துக் கீழே தள்ளினாள். வெள்ளைக் கட்டைகள் வெள்ளையாக இல்லை. குளித்து ஊறின தோலின் நிறம். ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லிய கோடுகள். சுழிகள். நடுவில் இருந்த கட்டையில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு, பென்சில் சீவும்போது பள்ளியில் அவள் விரலில் பட்டது. தன் விரலைப் பார்த்தாள். அங்கே தழும்பு இல்லை.

வாயைப் பொத்தினாள். பொத்தியதும் பத்துக் கட்டைகள் ஒன்றாக இறங்கின.

பாப்பா அழுதது.

பசி அழுகை. அவளுக்கு ஒவ்வொரு அழுகையும் தெரியும். கூடத்துத் தொட்டிலுக்கு ஓடினாள். விரல் படாமல் தூக்க வேண்டும். முழங்கைகளை அடியில் கொடுத்து, முன்கைகளில் ஏந்தி, மார்போடு அணைத்தாள். கைகளை விறைப்பாகத் தள்ளியே வைத்தாள். "இருடா தங்கம், இருடா, பாட்டி வந்துருவா." ஆட்டினாள். பாப்பா தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடியது. பால் வாசனைக்குத் திரும்பவில்லை. வேறு பக்கம் திரும்பியது. கையைப் பார்த்தது. கண்மூடித் திறப்பதற்குள் அவள் ஆள்காட்டி விரலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. ஈறின் அழுத்தம், நாக்கின் சூடு, எதுவும்.

திறந்த கதவு வழியாகப் பியானோ தெரிந்தது. ஒரே ஒரு கட்டை. இறங்கியது, ஏறியது. இறங்கியது, ஏறியது. பாப்பாவின் கன்னம் குழியும்போதெல்லாம் இறங்கியது. கட்டையின் முன்பக்கம் வழியாக எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது.

இழுத்தாள். வரவில்லை. பாப்பாவுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? "விடுடா. விடு." இழுத்தாள்.

தொண்டையைப் பார்த்தாள்.

விழுங்குகிறது.

சப்பவில்லை. குடிக்கிறது. மடக் மடக்கென்று. கடைவாயில் சாம்பலும் வெள்ளையுமாக ஏதோ நுரைத்து வழிந்தது. அழுகை நின்றுவிட்டது. பசி தீருகிற குழந்தையின் கண்கள், பாதி மூடி, சுகமாக.

பிறகு தானாகவே வாயைத் திறந்து விட்டது.

விரல் வெளியே வந்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. உள்ளே எலும்பும் இல்லை. காலியான தோல், நகத்தோடு, கணுவிலிருந்து தொங்கி ஆடியது.

அறைக்குள் அடுத்த கட்டை மெல்ல இறங்கிக் காத்திருந்தது. பாப்பா அவள் கையைத் திருப்பிப் பிடித்து, அடுத்த விரலுக்கு வாயைத் திறந்தது.