அத்தையின் சொடுக்கு

“இன்னைக்கு என்ன இவ்வளவு சொடுக்கு? தொண்டை சரியில்லையா?” என்று கேட்டான் கணவன், ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தியபடி.

புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுப்பது அவர்கள் வீட்டுத் தொழில். அவள் வாசிப்பாள், அவன் வெட்டி ஒட்டுவான். நாக்கு புரண்டாலோ, தெருவில் நாய் குரைத்தாலோ அவள் மைக்கின் முன்னால் விரலைச் சொடுக்கிவிட்டு அந்த வரியை மறுபடி வாசிப்பாள். கணினித் திரையில் அந்தச் சொடுக்கு மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். அவன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். சொடுக்கைக் கண்ட இடத்தில் அதற்கு முன்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, ஓட்டையை அறையின் வெறும் மௌனத்தால் அடைத்துவிடுவான். இதற்காகவே ஆளில்லாத அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து வைத்திருந்தான். அதற்கு அவன் வைத்த பெயர் வெத்துச் சத்தம்.

“நான் ஒண்ணுதான் போட்டேன்.”

“அப்ப மிச்சத்த பேய் போட்டிருக்கும்,” என்று சிரித்துவிட்டு அவன் தேநீர் போடப் போனான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அவளுடைய சொடுக்கு எப்போதும் பட்டென்று ஒரே அடியாக விழும். இது அப்படி இல்லை. முதலில் காய்ந்த தோல் தோலோடு மெல்ல உரசியது, பிறகு நின்றது, பிடி கிடைக்காமல் மறுபடி உரசியது, கடைசியில் மெலிந்த எலும்பு முறிவதைப் போன்ற சின்ன சத்தத்துடன் சொடுக்கியது. வலுவில்லாத, வயதான விரல்கள். அந்த விரல்களை எண்ணெய் தடவி நீவிவிட்டவள் அவள்தான்.

மாமியார் சாகும்போது அவருக்கு இடுப்புக்குக் கீழே விழுந்துபோய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பக்கத்து அறையில் கட்டில். மருமகள் ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துணி மாற்றினாள், முகம் சுளித்தால் அத்தை பார்க்காதபடி சுளித்தாள். அந்தக் கடைசி நாளன்று கணவன் வெளியே போயிருந்தான். வாசிப்பு அபூர்வமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பதிவு அறையின் கதவைக் காற்றுக்காகக் கொஞ்சம் திறந்துவைத்திருந்ததால் ஹெட்போனில் அது தெளிவாகவே கேட்டது.

“அம்மாடி... கொஞ்சம் தண்ணி.”

இந்தப் பக்கம் முடியட்டும் என்று நினைத்தாள். சொடுக்கினாள். வரியை மறுபடி வாசித்தாள். மறுபடி அழைப்பு வந்தது, மறுபடி சொடுக்கினாள். மூன்றாவது முறை வந்தது வார்த்தை இல்லை, ஒரு மாதிரியான இழுப்பு. அதற்கும் கை தானாகவே சொடுக்கியது. பக்கத்தை முடித்துவிட்டுப் போனபோது டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது, அத்தையின் ஒரு கை அதை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பதிவில் சொடுக்குகளைப் பார்த்துப் பார்த்து அவன் எல்லாவற்றையும் வெட்டினான். தன் அம்மாவின் கடைசிக் குரலைத்தான் வெட்டுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, “வீடு பூரா மைக்கு வச்சிருக்கோம், அம்மா குரல் ஒரு வார்த்தைகூட நம்மகிட்ட இல்ல பாரு,” என்றான். அவள் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவன் தன்னைக் கோபிக்க மாட்டான், வெறுமனே பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாது.

“டீ ஆறுது. கடைசி அத்தியாயத்த முடிச்சிட்டா சாயங்காலமே அனுப்பிடலாம்,” என்றான் கணவன்.

“நாளைக்கு வச்சுக்கலாமாங்க?”

“ஏன், என்ன ஆச்சு?”

அந்த ஏனுக்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. எழுந்து பதிவு அறைக்குள் போனாள்.

வெளியே மதியத்து மழை. கதவு ஈரத்தில் ஊறிப்போய் நாலைந்து நாட்களாக இறுகிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து அவன் தோளால் இடித்தால்தான் திறக்கும். இப்போதும் இடித்தே சாத்தினான். சாத்தியதும் மழைச் சத்தம் அறுந்துவிட்டது. நான்கு சுவரிலும் கறுப்புப் பஞ்சு, சின்ன விளக்கு, மைக், நாற்காலி, காலடியில் தண்ணீர் பாட்டில். எதிரே இரட்டைக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் அவன் முதுகும் திரையும் தெரிந்தன. அவள் வாசிக்க வாசிக்க அவன் முந்தைய பக்கங்களை ஹெட்போனில் போட்டு வெட்டிக்கொண்டிருப்பான். அவள் இப்போது பேசுவது அவனுக்குக் கேட்காது, திரையின் ஓரத்தில் கோடாக ஓடுவது மட்டும் தெரியும்.

வினைக் கொள்கையைப் பற்றிய புத்தகம் அது. எழுதியவர் நிதானமான பேராசிரியர். அவள் வாசித்தாள்.

“செயலுக்கும் பலனுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. சமயங்கள் அந்த இடைவெளியைப் பிறவிகளால் அளந்தன. கதை சொன்னவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.”

முதுகுப் பக்கம் ஏதோ உரசியது.

நிறுத்தாமல் வாசித்தாள். பஞ்சுச் சுவருக்கென்று ஒரு தூசி மணம் உண்டு. அது விலகி, முகப்பவுடரும் நனைந்த படுக்கை விரிப்பும் கலந்த மணம் அறைக்குள் மெல்லப் பரவியது. அத்தையின் அறையை அவள் எத்தனை முறை கழுவிவிட்டும் போகாமலிருந்த அந்த மணத்தை வேறெதுவுமாக நினைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதில் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு பட்ட பயம்.

“செய்தவர் அந்தச் செயலை வேறொரு பெயரில்...”

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கக் குனிந்தாள். கால் நகரவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று தொடையைக் கிள்ளினாள். கிள்ளியது தெரியவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ இருந்தன.

கையை நீட்டினாள். பாட்டில் விரல் நுனியில் பட்டு உருண்டது. சுவரோரம் போய் நின்றது.

“என்னங்க,” என்றாள்.

காதருகே உரசல். பிடி கிடைக்காமல் மறுபடி உரசல். சொடுக்கு.

திரையின் ஓரத்தில் அது நெட்டுக்குத்தாக எழுந்தது. அதற்கு முன்னால் அவள் அழைத்த இடம் நேர்கோடாக இருந்தது.

“என்னங்க. கதவத் திறங்க.”

சொடுக்கு.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கோடு அசையவில்லை. சொடுக்கு மட்டும் எழுந்தது.

கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினாள். கை பாதி எழுந்தது. பிறகு தொங்கியது. பாட்டில் இருந்த பக்கமாக.

அவன் திரும்பினான். நேராக அவளைப் பார்த்தான். அவளுக்கு உயிர் வந்தது. வாயை அகலத் திறந்து சொன்னாள். தண்ணி. தண்ணி. அத்தை கூப்பிட்டாங்க, நான்தான் போகல. எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை நாள் சொல்லாததை எல்லாம் சொன்னாள்.

எப்போதும்போல் உதடுகள் அசைகின்றன, வாசிக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவன் புன்னகையோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினான்.

வரிசையாக நிற்கும் சொடுக்குகளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். முந்தைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இந்த இடத்துக்கு வந்தான். ஒவ்வொரு சொடுக்கின் முன்னாலும் இருந்ததை வெட்டினான். வெட்டிய இடத்தில் வெத்துச் சத்தத்தை வைத்தான். பக்கத்திலிருந்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

அவள் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. காதோரத்தில் காய்ந்த இரண்டு விரல்கள், அவசரமே இல்லாமல், மறுபடி உரசத் தொடங்கின.